கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம், சிங்கப்பூருக்குப் படிக்க வருகிறவர்களுக்கு

பணத்துக்குப் பேச்சில் மலேசியாவின் ஜொகூரிலும் வெள்ளிதான், சிங்கப்பூரிலும் வெள்ளிதான். மாற்றப் போனால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். மலேசியாவிலிருந்து இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் இடறுவதெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான். சென்னையிலிருந்து வருகிறவர் எல்லாமே புதிது என்று ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டு விமானம் ஏறுகிறார். ஈப்போக்காரருக்கோ அதே மூன்று முள் பிளக், அதே தே தாரிக், அதே தீபாவளி விடுமுறை. கேட்க என்ன இருக்கிறது என்று பேருந்து ஏறிவிடுகிறார்.

மலேசியருக்கு விசா வேண்டாம் என்பது உண்மை. ஸ்டூடண்ட் பாஸ் (மாணவர் அனுமதி) வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. கல்லூரி உங்கள் பெயரை 'சோலார்' என்ற பாஸ் விண்ணப்ப இணையதளத்தில் பதிந்த பிறகு நீங்கள் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வரும். அதன்பின் நெஞ்சு எக்ஸ்ரே, எச்ஐவி ரத்தப் பரிசோதனை. 2023 பிப்ரவரி இறுதியிலிருந்து பிளாஸ்டிக் அட்டை கிடையாது, பாஸ் கைபேசியில்தான்.

பணத்துக்கு வருவோம். கல்வி அமைச்சின் டியூஷன் கிராண்ட் என்ற கட்டண மானியத்தை எடுத்தால் கட்டணம் வெகுவாகக் குறையும். பதிலுக்கு, படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் பதிவுபெற்ற நிறுவனத்தில் 3 ஆண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம். இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். பாதியில் போனால் மானியத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், உங்களால் முடியாவிட்டால் ஜாமீன் போட்டவர் தலையில் விழும். பட்டம் வாங்கியதும் ஊரில் அப்பாவின் கடையைப் பார்க்கப் போகிறவர் இதில் கையெழுத்திடக் கூடாது என்பது என் கருத்து. சித்தப்பாவையும் மாமாவையும் ஜாமீனுக்குக் கூப்பிடுமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

கல்விக் கட்டணம் கட்ட வாங்கும் கடனிலும் ஒரு சூட்சுமம். பல்கலைக்கழகத்துக்கு 90 விழுக்காடு வரை என்கிறார்கள். எதில் 90? சிங்கப்பூர்க் குடிமகன் கட்டும் கட்டணத்தில். குடிமகனுக்கு 100, உங்களுக்கு 200 என்று வையுங்கள்: கடன் 90, கையிலிருந்து 110. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு (பாலிடெக்னிக்) அந்த 90 கூட இல்லை, 75தான். வீட்டில் கணக்குப் போடும்போது பலரும் 200-இல் 90 விழுக்காடு என்று போட்டுவிடுகிறார்கள். முதல் பருவத்திலேயே துண்டு விழுகிறது.

அடுத்து அறை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் வாடகை குறைந்தது 6 மாதத்துக்கு. உங்கள் பாஸிலும் குறைந்தது 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். கடைசிப் பருவத்தில் அறை மாற நினைப்பவர் மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் மாறுவதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அறையை மட்டும் வாடகைக்கு விடும் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது விதி. ஓர் அறையைப் பூட்டிவிட்டு வேறெங்கோ வசிப்பவர் விதியை மீறுகிறார். கழகம் வந்து பார்த்தால் பெட்டியோடு வெளியே நிற்பது நீங்கள். வெளிநாட்டவர் 'கோட்டா' முடிந்துவிட்டது என்று ஏஜெண்ட் கைவிரித்தால், அது முழு வீட்டு வாடகைக்குத்தான், மலேசியரை அது கட்டுப்படுத்தாது என்று சொல்லுங்கள். பல ஏஜெண்டுகளுக்கே இது நினைவில் இருப்பதில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வழக்கமாக அது வாடகைக்காரர் பொறுப்பு. மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 900 வெள்ளி என்றால் ஓராண்டுக்கு 10,800, தீர்வை 43 வெள்ளி. சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள். முன்பணத் தகராறு வந்தால், முத்திரை இல்லாத ஒப்பந்தம் சாட்சியமாக நிற்காது. அப்புறம் விளம்பரத்தில் வரும் 'லைட் குக்கிங்'. உரிமையாளர் அகராதியில் அது மெகி நூடுல்ஸ் கொதிக்க வைப்பது. சாம்பாருக்குத் தாளிக்கலாமா, மீன் பொரிக்கலாமா என்று பெயர் சொல்லிக் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பகுதிநேர வேலை, பருவத்தில் வாரம் 16 மணி நேரம் வரை. தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு கடையில் சனி ஞாயிறு எட்டெட்டு மணி நேரம் நின்றால் தீர்ந்தது. அதுவும் மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலைய மாணவருக்கே. தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக எல்லாருக்கும் ஆசை. உட்லண்ட்ஸிலிருந்து ஷட்டில் தெப்ராவ் ரயில் ஐந்தே நிமிடம், இரு நாட்டுச் சோதனையும் ஏறுமுன்பே முடிந்துவிடும். போக 5 சிங்கப்பூர் வெள்ளி, திரும்ப 5 ரிங்கிட். ஆனால் வெள்ளி மாலை டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துபோகும். பேருந்தில் போனால் சோதனைச் சாவடியில் பையோடு இறங்குங்கள். அதே பேருந்து உங்களுக்காக நிற்காது, அதே எண்ணில் அடுத்தது வரும்.

திரும்பும்போது கவனம். வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்குப் பயணிகளுக்குக் கிடைக்கும் ஜிஎஸ்டி விலக்கு ஸ்டூடண்ட் பாஸ் வைத்திருப்பவருக்குக் கிடையாது. ஜொகூரில் வாங்கிய காலணி 200 வெள்ளி பெறுமானம் என்றால் 9 விழுக்காடு, 18 வெள்ளி. சிகரெட்டில் ஒரு குச்சிக்கும் சலுகை இல்லை. வேப் (மின்சிகரெட்) பையில் கிடந்தால் அது குற்றம். வெளிநாட்டு மாணவருக்குப் பாஸே ஆபத்தில் சிக்கலாம்.

தைப்பூசம் ஜொகூரில் பொது விடுமுறை, இங்கே 1968-லிருந்து இல்லை. அன்று தேர்வு வந்தாலும் வரும். ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டவர், பாட அட்டவணை வந்த அன்றே தேதியைச் சரிபார்த்து விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். கூட்டம் குறைவாக இருக்க வேண்டுமானால் விடிவதற்கு முன் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.