செம்மண் ஊரில் கார் ஏசியும் கண்ணாடியும்

சித்திரை பிறந்துவிட்டால் காரைக்குடியில் எந்த ஏசி மெக்கானிக் கடை வாசலிலும் ஒரே புலம்பல்தான். கூலிங் பத்தவில்லை, கேஸ் போட்டுவிடுங்கள் என்று வரிசையில் நிற்பார்கள். போன வருஷமும் போட்டிருப்பார்கள், அதற்கு முந்தைய வருஷமும் போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் நம் பக்கத்தில் கார் ஏசிக்கு முதல் எதிரி செம்மண் தூசி, வெயிலெல்லாம் அப்புறம்தான். கண்ணாடி மெதுவாக ஏறுவது, காற்று குறைவாக வருவது, உள்ளே ஈரத்துணி வாடை, கால்மிதியில் தண்ணீர், இதில் பாதிக்கு மேல் அந்தச் சிவப்புப் பொடியின் வேலை. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கிக் கண்மாய்க்கரையோரம் ஒரு சுற்று போய்விட்டு வந்து காரைப் பாருங்கள், சொல்வது புரியும்.

முதலில் இந்தக் கேஸ் விவகாரம். ஏசி கேஸ் எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி வருவது. நம் கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற கேஸ், சிறிய கார் என்றால் மொத்தமே அரைக் கிலோ சுமாருக்குத்தான் பிடிக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருஷத்தில் கொஞ்சம் கசிந்து குறைவது சகஜம், ஆனால் வருஷா வருஷம் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவர் அடுத்த சித்திரைக்கும் உங்களை எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம். கேஸோடு சேர்ந்து, அதை அமுக்கிச் சுற்றவிடுகிற கம்ப்ரசரின் ஆயிலும் கசியும் என்பதால், பானெட்டைத் திறந்து ஏசி குழாய்கள் சேரும் இணைப்புகளைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். குழாய் முழுக்கத் தூசி உதிர்ந்து போகிற மாதிரி படிந்திருக்க, ஒரு இணைப்பில் மட்டும் செங்கல் நிறத்தில் பிசுபிசுவென்று அப்பியிருந்தால் அங்கேதான் சந்தேகம். தூசியால் நமக்குக் கிடைக்கிற ஒரே உபகாரம் இது. இன்னொன்று, கேஸை அளவுக்கு மேல் ஏற்றினாலும் கூலிங் குறையும். எடை பார்த்து ஏற்றுகிற கடையாகப் பார்த்துப் போங்கள்.

கேஸுக்குப் போவதற்கு முன்னால் க்ளவ் பாக்ஸை, அதாவது முன்சீட்டுக்காரருக்கு எதிரே டாஷ்போர்டில் இருக்கிற பெட்டியை, கழற்றுங்கள். பெரும்பாலான கார்களில் அதற்குப் பின்னால்தான் உள்ளே வரும் காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டர் இருக்கும், ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் அமுக்கினால் பெட்டி கீழே இறங்கிவிடும். புதிதாக இருக்கும்போது வெள்ளையாக, விசிறி மடிப்பு மடிப்பாக இருக்கிற ஃபில்டர், நம் ஊரில் கொஞ்ச காலம் ஓடிய காரில் காவி வேட்டி நிறத்தில் வெளியே வரும். தட்டினால் மடிப்புகளுக்குள்ளிருந்து பொடி கொட்டும், கூடவே வேப்பம்பூ, புளிய இலை, ஒரு தட்டான் சிறகு. மரத்தடி நிழல் என்று புளியமரத்துக்குக் கீழே நிறுத்துகிறோம் இல்லையா, அதன் பலன். இவ்வளவையும் தாண்டிக் காற்று வர வேண்டும் என்றால் காற்றடிக்கிற ப்ளோயரை நாலில் வைத்தாலும் சத்தம்தான் வரும். ஃபில்டரை மாற்றும் கணக்கு ஒவ்வொரு காரின் மேனுவலிலும் இருக்கும். தூசி நிறைந்த இடங்களில் அதற்கு முன்பே மாற்றச் சொல்லிப் பல மேனுவல்களில் தனியாக ஒரு வரியும் இருக்கும். அந்த வரி நமக்காகவே எழுதியது. புது ஃபில்டரின் விளிம்பில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மாட்டுங்கள்.

அடுத்தது கண்டென்சர், முன் கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டருக்கும் முன்னால் நிற்கிற சல்லடை மாதிரியான பலகை. உள்ளே எடுத்த சூட்டை வெளியே தள்ளுகிற இடம் அது. சோதனை சுலபம். வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, நின்றால் வெதுவெதுப்பாகிறது என்றால் கேஸைக் குறை சொல்லாதீர்கள். கண்டென்சர் அடைத்திருக்கும், அல்லது அதன் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை. சங்கடஹர சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் ஊர்ந்து பாருங்கள், எந்தக் காருக்கு இந்தக் கோளாறு என்று அங்கே தெரிந்துவிடும், கண்ணாடியை இறக்கிவிட்டு விசிறிக்கொண்டு இருப்பார்கள். கழுவும்போது சாதாரண ட்யூப் தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிக்கொள்ளும், அப்புறம் தூசி இல்லாமலேயே காற்று போகாது.

இனி தண்ணீர். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுகிறதே, அது நல்ல அறிகுறி. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் காற்றின் ஈரம் படிந்து, ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே போகிறது. ஃபில்டர் இல்லாமலோ கிழிந்த ஃபில்டரோடோ ஓட்டினால் தூசி காயில் வரைக்கும் போய், ஈரத்தில் குழைந்து சேறாகி அந்தக் குழாயை அடைக்கும். அப்போது தண்ணீர் முன்பக்கம் உட்காருகிறவரின் காலடியில் இறங்கும். காயிலில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் வண்டியை எடுத்த முதல் நிமிஷம் ஒரு புளித்த வாடை வரும். அதற்கு வாசனை டப்பா வாங்கி மாட்டுவது வீண் செலவு, மல்லிகையும் பூஞ்சையும் சேர்ந்த மூன்றாவது வாடை ஒன்று கிளம்பும். வீடு வருவதற்கு இரண்டு மூன்று நிமிஷம் முன்னால் ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை ஓடவிடுங்கள், காயில் ஓரளவு காய்ந்துவிடும். கோட்டையூர் தாண்டினால் அணைத்துவிடுவது என்று எங்கள் வீட்டில் ஒரு கணக்கு.

ஓட்டுகிற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறினதும் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு ஏசியை முழுசாக வைப்பதுதான் நிறையப் பேர் செய்வது. வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே காற்றே 60 டிகிரியைத் தொடலாம், டாஷ்போர்டு அதைவிடச் சுடும். அந்த அனலை அடைத்து வைத்து அதைக் குளிர்விக்கப் பாடுபடுவானேன்? நம் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், நடுவில் வளவு என்கிற முற்றம் திறந்திருக்கும், சூடான காற்று மேலே போக, கீழே புதுக்காற்று நுழையும். காரிலும் அதேதான், முதலில் வெளியே விடு. ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு எதிர்ப்பக்கக் கதவை நாலைந்து தடவை திறந்து மூடினாலே பெரும்பகுதி அனல் போய்விடும். பிறகு எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, ஏசியையும் போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்துத் தெருமுனை வரை ஓட்டுங்கள். அதற்குப் பிறகு கண்ணாடியை ஏற்றி, காருக்குள் அம்பு வளைந்து திரும்புகிற படம் போட்ட பட்டன் இருக்கிறதே, உள்காற்றையே சுற்றவிடுவது, அதை அமுக்குங்கள். உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும்வரை அந்தப் பட்டனால் பிரயோஜனம் இல்லை, அதற்கப்புறம் அதுதான் எல்லாம்.

ஆனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு திருச்சி வரை போகாதீர்கள். ஐந்து பேர் விடுகிற மூச்சுக்காற்று உள்ளேயே சுற்றி, மதியச் சாப்பாடும் சேர்ந்து, டிரைவருக்குக் கண் சொக்கும். திருமயம் கோட்டை தெரியும்போது ஒருமுறை, புதுக்கோட்டை தாண்டி ஒருமுறை என்று சில நிமிஷம் வெளிக்காற்றை விடுங்கள். மணல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மட்டும் உடனே உள்சுற்றுக்கு மாற்றிவிட வேண்டும்.

அப்பத்தாவுக்கு ஏசி ஆகாது. "கண்ணாடிய எறக்குப்பா, மூச்சு முட்டுது" என்று சொல்லிக்கொண்டேதான் வரும். சரி என்று இறக்குவேன், ஆனால் செம்மண் பாதையில் போய் வந்த கையோடு இறக்கமாட்டேன். கண்ணாடியின் அடியில் கதவோரம் ஒரு ரப்பர் பட்டை வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறதல்லவா, தூசியோடு கண்ணாடியை இறக்கினால் அந்தப் பட்டையில் மணல் சிக்கி, ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் கோடு கிழிக்கும். மணலில் இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். சில வருஷம் ஓடிய கார்களின் பக்கக் கண்ணாடியைச் சாய்வெயிலில் பார்த்தால் மேலிருந்து கீழாக மழைச்சாரல் போல மெல்லிய கோடுகள் தெரியும், எல்லாம் இப்படி விழுந்தவை. காய்ந்த துணியால் தூசியைத் துடைப்பதும் இதே கதைதான். ஒரு செம்பு தண்ணீரை மேலிருந்து ஊற்றிவிட்டுத் துடைத்தால் போதும். அப்பத்தாவிடம் இதையெல்லாம் விளக்கினால், இந்தக் காரை நீ கும்பிடுறியா ஓட்டுறியா என்று கேட்கும்.

பவர் விண்டோ மெதுவாக ஏறினால் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில், அந்தக் கறுப்பு பீடிங்குக்குள், தூசி இறுகிப் போயிருக்கும். ஒரு பழைய ஏடிஎம் கார்டில் ஈரத்துணியைச் சுற்றிப் பள்ளத்துக்குள் மேலும் கீழும் இழுங்கள், துணி செங்காவியாகத்தான் வரும், துணி வெளுப்பாக வருகிறவரை இழுத்துவிட்டு, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறும். தேங்காய் எண்ணெய், கிரீஸ், துருவெடுக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்டால் தூசி இன்னும் ஒட்டும், பெட்ரோலிய எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பும். ஒரே தொடுதலில் ஏறுகிற கண்ணாடிகளில் வேறொரு வேடிக்கை உண்டு. விரலோ தலையோ சிக்கினால் தானாகக் கீழே இறங்கும்படி வைத்திருப்பார்கள், பள்ளத்தில் தூசி இறுகினால் அந்த இறுக்கத்தையும் விரல் என்று நினைத்துக்கொண்டு பாதியில் இறங்கிவிடும். ஒரு சர்வீஸ் கடையில் இதற்கு முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்தவரிடம் விலை சொன்னார்கள், பீடிங்கைச் சுத்தம் பண்ணியதும் சரியாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு இந்த ஒரே தொடுதல் வசதி வேலை செய்யாவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை. நிறைய கார்களில் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, ஏறினபிறகும் பட்டனைச் சில விநாடி பிடித்திருந்தால் பழையபடி பழகிக்கொள்ளும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் ஏசிக்கு நல்லது என்று யாராவது சொன்னால், முன்பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்று விதி இருப்பதையும், 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதையும் சொல்லுங்கள். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உள்ளே விரிக்கிற வெள்ளி நிற மறைப்பு மலிவு, பலனும் உண்டு.

ஐப்பசி மழையில் கண்ணாடி மூடுபனி போட்டால் ஏசியை அணைக்கிறார்கள், குளிர்கிறது என்று. அணைக்கக் கூடாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதே ஏசிதான். ஏசியைப் போட்டு, சூட்டைக் கொஞ்சம் கூட்டி, வெளிக்காற்றை விட்டு, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். மூடுபனி கண்ணாடிக்கு வெளிப்பக்கம் படிந்தால் மட்டும் வைப்பரைப் போட்டுக் கூலிங்கைக் குறையுங்கள்.

கல்யாண வீட்டு வாசலில் டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, சீட்டைச் சாய்த்துத் தூங்குவதைப் பார்க்கிறேன். நிற்கிற வண்டியில் புகை உள்ளே வந்தால் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியாமலே ஆள் போய்விடும். முகப்பில் பாய் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள், இடத்துக்கா பஞ்சம்.

கடைசியாக, சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊர் வீட்டில் ஒரு காரை மூடிப்போட்டு வைத்திருப்பவர்களுக்கு. மாதக்கணக்கில் ஓடாத ஏசியில் கம்ப்ரசரின் சீல் காய்ந்து கேஸ் கசியும், பீடிங் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் வாரம் ஒருமுறை காரை வெளியே எடுத்து, பத்து நிமிஷம் ஏசியோடு ஓட்டி, நாலு கண்ணாடியையும் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். அணைக்கும் முன் உள்சுற்றுப் பட்டனை அமுக்கிவிடவும் சொல்லுங்கள், வெளிக்காற்று வழி மூடிக்கொள்வதால் எலி ப்ளோயருக்குள் நுழைவது குறையும். தை மாசக் கல்யாணத்துக்கு வருவதாக இருந்தால் மார்கழியிலேயே அந்த ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏர்போர்ட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ப்ளோயரைப் போட்டதும் பட்டுப்புடவை மேல் எலி கொறித்த பஞ்சு பறக்கும்.