வரைய முடியாத செவ்வகம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு டியூஷன் நிலையத்துக்கு எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு) கணிதப் பயிற்சித் தாள்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. பழைய பயிற்சி நூல்களிலிருந்து எடுத்தவை, ஆசிரியர்களே எழுதியவை, எண்களை மட்டும் மாற்றிப் புதுக் கேள்வி ஆக்கியவை என்று எல்லாம் கலந்து வரும். கடைசி வகையில்தான் பிழை அதிகம்.

அச்சுப்பிழையைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. கூட்டல் குறி கழித்தலாகிவிட்டால் விடை கோணல்மாணலாக வரும், கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் எதோடும் ஒட்டாது. பிள்ளைகளே கையைத் தூக்கிவிடுவார்கள். கேள்வி தப்பாக இருந்தும் விடை அழகாக வந்துவிடுவதுதான் ஆபத்து.

ஒரு தாளில் இப்படி இருந்தது: செவ்வகத்தின் சுற்றளவு 20 செ.மீ., பரப்பளவு 30 சதுர செ.மீ. மூலைவிட்டத்தின் நீளம் என்ன? நீளமும் அகலமும் சேர்ந்தால் 10. அதன் வர்க்கம் 100. பரப்பளவின் இருமடங்கான 60-ஐக் கழித்தால் மிஞ்சுவது நீளம், அகலம் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை, 40. ஆக மூலைவிட்டம் √40, அதாவது 2√10. விடைக்குறிப்பும் அதையே சொன்னது.

ஆனால் அப்படி ஒரு செவ்வகமே கிடையாது. இரண்டு நீளங்களின் கூட்டுத்தொகை 10 என்றால், அவற்றின் பெருக்கல் 25-ஐத் தாண்டாது. இரண்டும் 5 ஆக இருக்கும்போதுதான் அந்த 25 கூட வரும். இருபடிச் சமன்பாடாக எழுதிப் பார்த்தால் வர்க்கமூலத்துக்குள் 100 − 120, அதாவது −20 வந்து நிற்கிறது. முதலில் 24 என்று இருந்ததை யாரோ 30 ஆக்கியிருக்க வேண்டும். 24 என்றால் பக்கங்கள் 6, 4 என்று ஒழுங்காக வந்துவிடும்.

இதில் அடிபடுவது யார் என்று பாருங்கள். சூத்திரத்தில் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவனுக்கு மதிப்பெண் கிடைக்கிறது. நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மேலே போவேன் என்கிற பிள்ளை மாட்டிக்கொள்கிறாள். படிவம் 5 மாணவி ஒருத்தி தாள் முழுக்க அழித்து அழித்து எழுதிவிட்டு என்னிடம் வந்து, “சார், நான் எங்க தப்பு செஞ்சேன்?” என்று கேட்டாள். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கேள்வி தப்பாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான். எஸ்.பி.எம். கணிதத் தேர்வின் முதல் தாளில் 40 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு கேள்வியில் இப்படிச் சிக்கினால் அடுத்த நான்கைந்து கேள்விகளுக்கான நேரமும் தைரியமும் போய்விடும்.

பெரிய தேர்வுகளிலும் இது நடந்திருக்கிறது. 1982-இல் அமெரிக்காவின் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வில், ஒரு சின்ன வட்டம் தன்னைப்போல் மூன்று மடங்கு ஆரமுள்ள வட்டத்தைச் சுற்றி உருண்டு வர எத்தனை சுழற்சி என்று கேட்டார்கள். தயாரித்தவர்கள் 3 என்று நினைத்திருந்தார்கள். சரியான விடை 4. கொடுத்த ஐந்து விடைகளில் அது இல்லவே இல்லை. மூன்று மாணவர்கள் எழுதிக் காட்டிய பிறகு அந்தக் கேள்வியை நீக்கி மதிப்பெண்களைத் திரும்பக் கணக்கிட்டார்கள்.

“விடைதான் வருதே, விடுங்க சார்” என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் சொன்னார். நல்ல மனிதர், பாடமும் நன்றாக நடத்துவார். ஆனாலும் இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இல்லாத ஒன்றின் மூலைவிட்டத்தை அளக்கச் சொல்லிவிட்டு, அது இல்லை என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்குப் பூஜ்ஜியம் போடுவது எப்படிச் சரியாகும்?

அதனால் நான் இப்போதெல்லாம் விடைக்குறிப்பை மூடி வைத்துவிட்டுத்தான் தாளைத் தொடுகிறேன். கேட்டதை மட்டும் கண்டுபிடித்து நிறுத்துவதில்லை. கேட்காத நீளத்தையும் அகலத்தையும் கண்டுபிடித்துப் பார்க்கிறேன். வர்க்கமூலம் உள்ள சமன்பாடு என்றால், கிடைத்த ஒவ்வொரு விடையையும் முதல் வரியில் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். இரு பக்கமும் வர்க்கப்படுத்தும்போது பொய்யான விடை ஒன்று உள்ளே நுழைந்துவிடலாம். விடைக்குறிப்பு எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து அச்சிட்டுவிடுகிறார்கள்.

எண் மாற்றுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பக்கங்களை முதலில் முடிவு செய்யுங்கள், 7, 3 என்று. அப்புறம் சுற்றளவு 20, பரப்பளவு 21 என்று கேள்வியை எழுதுங்கள்.