பத்து மணிக்கு மேல் விழிக்க முடியாது

எங்கள் தெருவில் யாராவது இறந்துவிட்டால் ராத்திரி முழுக்க கானாக் கச்சேரி நடக்கும். காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக், டோலக், விடிய விடியப் பாட்டு. தெருவே கூட உட்கார்ந்து விழித்திருப்பதுதான் போனவருக்குச் செய்யும் மரியாதை. பைபோலார், அதாவது மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய், என்று டாக்டர் சொன்ன பிறகு எனக்கு மாத்திரை கூடப் பழகிவிட்டது, இந்த விழிப்புக்குப் போகாமல் இருப்பதுதான் இன்னும் பழகவில்லை.

சாயங்காலமே போய் மாலை போட்டுவிட்டு, வீட்டுக்காரர்களிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒன்பது மணிக்கு எழுந்தால், "இன்னாப்பா, ஒரு நைட்டு முழிச்சா இன்னா ஆயிடப் போவுது?" என்று யாராவது கேட்பார்கள். ஆகும். ஒரு ராத்திரித் தூக்கம் போவதே சிலருக்கு மேனியாவை, அதாவது மனம் கட்டுக்கடங்காமல் எகிறிப் பறக்கும் நிலையை, கிளப்பிவிடப் போதும், நான் அந்தச் சிலரில் ஒருவன். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டே விதி வந்துவிட்டது, ஆனால் சாவு வீட்டில் போய் யாராவது விதி பேசுவார்களா? அதனால் அன்று ராத்திரி மட்டும் பெரம்பூரில் அக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுத்து, காலையில் கண் எரிந்து எழுந்தால் நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மூணு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல், மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் ஆரம்பிக்கும் நேரத்துக்கு நானும் எழுந்து, யாருக்கு போன் பண்ணலாம், எதில் பணம் போடலாம் என்று தலை ஓடினால்தான் பயம், எனக்கு மேனியா அப்படித்தான் தொடங்கும். அந்த நேரத்தில் உள்ளுக்குள் இருந்து பார்த்தால் எல்லாம் பிரமாதமாக இருக்கும், அதனால் அதைக் கண்டுபிடிக்கிற பொறுப்பை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். "தம்பி, நீ பேசறப்போ நடுவுல மூச்சு வுடல" என்று சொன்னால் போதும், வாக்குவாதம் கிடையாது, ஏடிஎம் கார்டு அவளிடம், மறுநாள் டாக்டர்.

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. பகல் ஷிஃப்ட் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர் சீட்டோடு கேட்டபோது, "எல்லாருக்கும்தான் தூக்கம் வருது" என்றார்கள். கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. சர்க்கரை நோய்க்காரர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றால் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். கடைசியில் கிடைத்தது, நைட் அலவன்ஸ் போனது, பரவாயில்லை.

மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊர் வெயிலுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. நான் சாப்பிடுவது லித்தியம். 1949-இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இது மேனியாவுக்கு வேலை செய்வதைக் கண்டு எழுதினார், இன்றைக்கும் முக்கியமான மருந்து இதுதான். ஆனால் ரத்தத்தில் இதன் அளவு கொஞ்சம் ஏறினாலும் விஷம். எனக்கு டாக்டர் வைத்திருக்கும் எல்லை 0.6 முதல் 0.8. ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், கூடவே கிட்னி, தைராய்டு டெஸ்டும் அவ்வப்போது.

கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணீர் குறைந்தால் அளவு ஏறும். வயிற்றுப்போக்கு வந்தாலும் ஏறும். பிரஷர் வந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திடீரென்று உப்பைக் குறைத்தாலும் ஏறும். இடுப்பு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபினோ இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள், அதிலும் ஏறும். நான் பாரசிட்டமால் மட்டும் கேட்டு வாங்குவேன், அட்டையில் பெயரைப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தி வந்து, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் காத்திருக்கவே கூடாது, நேராக எமர்ஜென்சி.

நன்றாக இருக்கிறோமே என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் மேனியா திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். குறைப்பது என்றால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காசு இல்லை என்பதற்காகவும் நிறுத்த வேண்டாம், நம் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் நாலு பேர் பார்த்துக் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்களோ என்று தயங்கினால், முதலில் போனிலாவது பேசுங்கள்: அரசு மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, ராத்திரி பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.