வடிகட்டியில் மறையும் விண்மீன் திரள்கள்

ஆதிகால விண்மீன் திரளைப் பிடிக்க, அது தொலைநோக்கியின் எந்த வடிகட்டியில் (குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விடுவது) காணாமல் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 0.1216 மைக்ரானுக்குக் குறைந்த அலைநீள ஒளியை இடையிலுள்ள நடுநிலை ஹைட்ரஜன் விழுங்கிவிடும். பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீள்வதே சிவப்புப் பெயர்ச்சி; அது 14 என்றால் அந்த எல்லை 1+14, அதாவது 15 மடங்கு நீண்டு 1.82 மைக்ரானுக்கு வரும். ஆகவே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 1.15, 1.5 மைக்ரான் வடிகட்டிகளில் இருட்டு, 2.77-இல் பளிச்சென்று ஒரு புள்ளி.

இதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். சீயர்ஸ்-93316 என்ற திரளின் சிவப்புப் பெயர்ச்சியை முதலில் 16 என்று மதிப்பிட்டார்கள். ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையை எடுத்தபோது வெறும் 4.9! தூசி நிறைந்த அந்தத் திரளின் ஆக்சிஜன் கோடு (அந்த வாயு ஒரே அலைநீளத்தில் உமிழும் பிரகாசமான ஒளி) 2.95 மைக்ரானிலும், ஹைட்ரஜன் ஆல்பா கோடு 3.87-இலும் விழுந்து, அகன்ற வடிகட்டிகளின் அளவை உயர்த்திக் காட்டியிருந்தன. அந்தப் பொருத்தம் மிக அபூர்வம், ஆனாலும் நடந்தது.

அதனால்தான் நிறமாலை இல்லாத அறிவிப்பை நான் 'வேட்பாளர்' என்றே எழுதுவேன். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 திரளுக்கு 2024 ஜனவரியில் ஏறத்தாழ 10 மணி நேரம் நிறமாலை எடுத்து, 14.32 என்றார்கள். ஹைட்ரஜன் எல்லையின் விளிம்பு மழுங்கலாக இருந்ததால் அதில் பிழைக்கு இடமிருந்தது. பிறகு சிலியிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி, ஆக்சிஜன் கோட்டைப் பிடித்து 14.18 என்று திருத்தியது.