டிஸ்ஸிங்டன் கிணற்று அலங்காரம்

இங்கிலாந்தில் கிராமத்து நடைப்பயணமும் திருவிழாவும் ஒரே நாளில் வேண்டுமென்றால், டெர்பிஷயரில் உள்ள டிஸ்ஸிங்டனுக்குப் போங்க. ஈஸ்டர் முடிந்து 39ஆம் நாள், வியாழக்கிழமை, ஊர்க் கிணறுகளுக்குப் பூப்படம் வைத்து ஆசீர்வாதம் செய்வாங்க. படங்கள் சுமார் ஒரு வாரம் இருக்கும்.

கிட்டப் போய்ப் பாருங்க. பூப்படம் என்பது மரப்பலகையில் களிமண் பூசி, அதில் பூவிதழ் பதித்துச் செய்வது. பலகையை முதலில் சில நாள் தண்ணீரில் ஊறப்போடுவாங்க. காய்ந்த பலகை என்றால் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி, படம் வெடித்துவிடும். களிமண்ணில் உப்பு கலப்பதும் ஈரம் நிற்கத்தான். காகிதத்தில் வரைந்த படத்தை ஊசியால் குத்திக் குத்தி மண்ணில் இறக்கி, கோடுகளுக்கு விதையோ காப்பிக்கொட்டையோ பதிப்பாங்க. பிறகு இதழ் இதழாக, கீழிருந்து மேலே, ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று. மழை பெய்தாலும் நீர் வழிந்து ஓடிவிடும். என்ன பொறுமை! பூ இதழ்தான் முதலில் வாடும், அதனால் முதல் இரண்டு நாளுக்குள் போய்விடுங்க.

பக்கத்து ஊரான ஆஷ்போர்னில் காரை நிறுத்திவிட்டு, பழைய ரயில் பாதையான டிஸ்ஸிங்டன் டிரெயிலில் 5 கிலோமீட்டர் போல நடந்தால் ஊர். பெரும்பாலும் சமதளம், குழந்தை வண்டியும் போகும். வயல்வழியாகத் திரும்புவதென்றால் ஆர்டனன்ஸ் சர்வே (பிரிட்டனின் நில அளவை நிறுவனம்) வெளியிடும் ஓஎல்24 வரைபடம் தேவை. வழிகாட்டிக் குறிகளில் மஞ்சள் அம்பு இருந்தால் பாதை நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும் வரும். திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடுங்க, மூடியிருந்ததை மூடுங்க. கன்றோடு நிற்கும் மாட்டை விட்டு நல்லா விலகியே நடங்க. நாயோடு போகும்போது மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுடுங்க, அது ஓடித் தப்பிக்கும்.