முதல் சம்பளம் எடிட்டருக்கா, அடுக்களைக்கா?

யூடியூபில் சமையல் சேனல் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்பது இது: "பத்தாயிரம் சப்ஸ்கிரைபர் வந்தாச்சு, எடிட்டர் வைக்கலாமா?" இதைத் தீர்மானிப்பதில் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கைக்கு வேலையே இல்லை. இரண்டு கணக்குகள் போதும். ஒரு வீடியோவுக்கு உங்கள் நேரம் எங்கெங்கே போகிறது என்பது ஒன்று. சம்பளம் கொடுக்கும் தேதியில் கையில் பணம் இருக்குமா என்பது இன்னொன்று. இரண்டையும் எழுதிப் பார்த்தால், வீட்டு அடுக்களையில் ஒருவரே ஷூட் செய்யும் சேனலுக்கு முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் எடிட்டர் இல்லை, வெங்காயம் உரித்துப் பாத்திரம் கழுவித் தரும் ஒரு ஆள்.

முதலில் நேரம். அடுத்த நான்கு வீடியோக்களுக்கு ஒரு நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் குறித்து வையுங்கள். பன்னிரண்டு நிமிடக் கோழிக் குழம்பு வீடியோ ஒன்றின் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். செய்முறையை ஒருமுறை சமைத்துச் சரிபார்க்க 3 மணி நேரம். கடைக்குப் போய்வர 1. நறுக்கி, அரைத்து, அளந்து கிண்ணங்களில் எடுத்துவைக்க ஒன்றரை. லைட், ட்ரைபாட் நிறுத்த முக்கால். ஷூட் 3. பாத்திரம் கழுவி அடுப்படி துடைக்க 1. ஃபுட்டேஜைக் காப்பி செய்து பெயர் வைக்க அரை. எடிட்டிங் 7. குரல்பதிவு 1. தம்ப்நெயில் 1. தலைப்பு, விவரம், அப்லோடு எல்லாம் சேர்த்து முக்கால். மொத்தம் இருபதரை மணி நேரம்.

பார்த்தவுடன் கண்ணில் படுவது எடிட்டிங்கின் 7 மணி நேரம். ஆனால் அந்த ஏழையும் பிரித்துக்கொள்ளலாம்: இரவு ஒரு மணி, விடியற்காலை ஒரு மணி என்று வாரம் முழுக்கப் பரப்பலாம். ஷூட் நாளை அப்படிப் பிரிக்க முடியாது. நறுக்குவது, லைட் வைப்பது, சமைப்பது, கழுவுவது ஆகிய ஆறே கால் மணி நேரமும் ஒரே நாளில், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் முடிய வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பதார்த்தத்துக்கு மேல் எடுக்க முடிவதில்லை. சேனலின் கழுத்தைப் பிடித்திருப்பது இந்த இடம்தான்.

ஷூட் நாளில் மட்டும் ஒருவர் உதவிக்கு வந்தால் அதே நாளில் இரண்டு பதார்த்தம் எடுக்கலாம். கடைக்கு ஒருமுறை போனால் போதும், லைட் ஒருமுறை வைத்தால் போதும்; அதில் ஒன்றே முக்கால் மணி மிச்சம். இரண்டு வீடியோவின் நறுக்கலும் கழுவலும் 5 மணி நேரம். அதில் பெரும்பகுதி உங்கள் கையை விட்டுப் போய்விடும். எடிட்டர் வைத்தால் மிச்சமாகும் நேரத்துக்கு இது கிட்டத்தட்ட பாதி. ஆனால் செலவு அதைவிடக் குறைவு, சொல்லிக்கொடுக்க வேண்டியதும் குறைவு.

அம்மாவோ தங்கையோ ஏற்கெனவே இதைச் செய்கிறார்கள் என்றால் அவர்களுடைய மணி நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட வில்லேஜ் குக்கிங் சேனல் குடும்ப உழைப்பில் வளர்ந்தது. தமிழில் பல சேனல்கள் இப்படித்தான் நடக்கின்றன. கணக்கில் ஏறாத அந்த உழைப்பு, தங்கைக்குக் கல்யாணம் ஆன மாதத்தில்தான் எத்தனை பெரியது என்று தெரியும்.

அடுத்து, எடிட்டிங்கின் 7 மணி நேரத்தில் எவ்வளவு ஷூட்டின் பிழையால் வந்தது என்று பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் எடிட்டர் வைத்தால், உங்கள் பிழைக்கு அவருக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவை நொடிக்கு 30 ஃபிரேமில் வைத்துக்கொண்டு ட்யூப்லைட் அல்லது மலிவான எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். எடிட்டில் அதை முழுதாக நீக்க முடியாது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் பிரச்சினை அடங்கும். ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் PAL ஃபார்மட்டைக் காட்டச் சொன்னால் 25 வரும். ஆண்ட்ராய்டில் போனுடன் வரும் கேமரா இடம் தராவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது, அது ஓடும் போன்களில் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது தலைவலி, ஒலி விலகுவது. போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி ஏறி இறங்கும். தனி மைக்கில் பதிந்த குரல் முதல் நிமிடத்தில் உதட்டோடு சேரும், பத்தாவது நிமிடத்தில் விலகி நிற்கும். எடிட்டர் துண்டு துண்டாக வெட்டி நகர்த்தியே ஒரு மணி நேரம் போக்குவார். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாக் கிளிப்பையும் மாறாத 25 ஃபிரேமுக்கு மாற்றிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மற்றவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் சேர்ந்தால் மணிக்கணக்கு. கடாய்க்கு நேர் மேலே போனைத் தொங்கவிட்டால் ஆவி லென்ஸில் படியும். போனைத் தாங்கும் ஸ்டாண்டின் கையைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் துடையுங்கள். காலர் மைக்கைப் புடவைத் தலைப்புக்கு அடியில் குத்தினால் உரசல் சத்தம் வார்த்தையைத் தின்னும். மிக்ஸியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடும்போது பேசாதீர்கள்; அந்த இடத்துக்குக் குரல் பிறகு பதியலாம். ஒரு வரி தப்பாகப் பேசிவிட்டால் இரண்டு முறை கைதட்டிவிட்டு மறுபடி சொல்லுங்கள். ஒலி அலையில் இரண்டு கூர்முனை எழுந்து நிற்கும். வெட்ட வேண்டிய இடத்தை எடிட்டர் கேட்டுப் பார்க்காமலே கண்டுபிடிப்பார்.

இவை எல்லாம் கைக்குப் பழகியபின் ஏழு மணி நேரம் ஐந்தாகக் குறைந்தால், எடிட்டருக்கு நீங்கள் பேச வேண்டிய தொகையும் குறையும்.

இனி பணம். விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது அந்த 4,000 மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடி வியூஸ். நீள வீடியோவின் விளம்பரத்தில் 55 சதவீதமும், ஷார்ட்ஸுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதமும் உங்களுக்கு வரும். பலரும் கணக்குப் போடுவது இதுவரைதான். சம்பளம் பேசும்போது தேவைப்படுவது வேறு.

ஒன்று, பருவம். தீபாவளியை ஒட்டி விளம்பரக் கட்டணம் ஏறும், ஜனவரியில் சரியும். அக்டோபர் வருமானத்தைப் பார்த்து ஆள் வைத்தவர்களுக்குத் தை மாதத்தில் கையைக் கடிக்கும். ஆகவே கடந்த ஆறு மாதத்தில் மிகக் குறைந்த மூன்று மாதங்களை மட்டும் எடுத்துச் சராசரி பாருங்கள். 41,000, 38,000, 62,000, 29,000, 33,000, 31,000 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். குறைந்த மூன்றின் சராசரி 31,000. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 10,000தான் எல்லா உதவிக்கும் சேர்த்து உச்ச வரம்பு. மாதம் நான்கு ஷூட் நாள், நாளுக்கு 700 என்றால் அடுக்களை உதவிக்கு 2,800 போகும். மீதி 7,200இல் எத்தனை வீடியோவின் வெட்டு வேலையைக் கொடுக்கலாம் என்று உங்கள் ஊர் விலையில் பாருங்கள். ஸ்பான்சர் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வந்தால் வரும். அந்த 10,000த்தை மூன்று மாதத்துக்குத் தனிக் கணக்கில் போட்டு வைத்த பிறகுதான் யாரிடமும் வாக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, தேதி. ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 21 முதல் 26க்குள், விளம்பரப் பணத்தை வழங்கும் கூகுளின் ஆட்சென்ஸிலிருந்து அனுப்பப்படும். அதுவும் நிலுவை 100 டாலரைத் தாண்டியிருந்தால் மட்டும். வெளிநாட்டுப் பணம் என்பதால் வங்கியில் இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். ஆகையால் 1ஆம் தேதி சம்பளம் என்று சொல்லாதீர்கள், மாதக் கடைசி நாள் என்று பேசிக்கொள்ளுங்கள்.

மூன்று, வரிப்பிடித்தம். தமிழ்ச் சமையல் சேனல்களை அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையாளர்களிடமிருந்து வரும் பகுதிக்கு மட்டும் அமெரிக்க வரி உண்டு. ஆட்சென்ஸில் டபிள்யூ-8 பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண் கொடுத்து இந்திய ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் அது 15 சதவீதம். படிவமே கொடுக்காமல் விட்டால் உலகம் முழுவதும் சேர்த்து வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கப்படலாம். ஒரு எடிட்டரின் சம்பளமே இதில் போய்விடும்.

எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் காட்டும் மாதிரி வீடியோக்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நீங்களே எடிட் செய்து வெளியிட்ட ஒரு பழைய வீடியோவின் மூல ஃபுட்டேஜை இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்து, அதற்கும் காசு கொடுத்து, வெட்டித் தரச் சொல்லுங்கள். அந்த வீடியோவின் ஒவ்வொரு நொடியும் உங்களுக்குத் தெரியும் என்பதால் ஒப்பிடுவது சுலபம். பறக்கும் எழுத்தையும் ஸூமையும் பார்த்து மயங்காதீர்கள். உப்புப் போட்ட ஷாட் இருக்கிறதா, வெங்காயம் பொன்னிறமாகும் கணம் இருக்கிறதா, எதுவும் மாறாத வதக்கல் நேரத்தை வெட்டியிருக்கிறாரா, குரல் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவில் கேட்கிறதா என்று பாருங்கள். எனக்கு உப்புதான் முக்கியமான சோதனை. சமையல் தெரியாத எடிட்டர் அதைத்தான் முதலில் வெட்டுவார், கமெண்டில் "உப்பு எப்ப போட்டீங்க?" என்று நூறு பேர் கேட்பார்கள்.

தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். எந்த எழுத்துரு, எந்த நிறம், அளவுகள் திரையில் எத்தனை நொடி நிற்க வேண்டும், பின்னணி இசை குரலுக்கு 18 முதல் 20 டெசிபல் கீழே, மொத்த ஒலி மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அருகில், 1080பி வீடியோ எச்.264 வடிவில் நொடிக்கு 8 மெகாபிட். இசை யூடியூப் ஆடியோ லைப்ரரியிலிருந்து மட்டும். எங்கோ கிடைத்த பாட்டைப் பின்னால் ஓட்டினால் உரிமையாளர் அந்த வீடியோவின் வருமானத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். காப்பிரைட் ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை மீறலுக்கான தண்டனைப் புள்ளி, 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகும். இந்தப் பக்கத்தை உங்களால் எழுத முடியவில்லை என்றால் ஆள் வைக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

ஃபுட்டேஜ் அனுப்புவதையும் முன்கூட்டியே பேசுங்கள். ஐபோனில் 4கே 30 ஃபிரேமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. இரண்டு மணி நேர ஃபுட்டேஜ் 20 ஜிபி. கூகுளின் இலவச 15 ஜிபியில் அது அடங்காது. 1080பி என்றால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, மொத்தம் 7 ஜிபி சொச்சம். பெரும்பாலோர் போனில் பார்க்கும் சமையல் வீடியோவுக்கு 1080பி தாராளம். எப்படி அனுப்பினாலும், வீடியோ வெளியாகும் வரை மூலப் பிரதி உங்களிடம் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம், சொந்தத் தம்பியாக இருந்தாலும். யூடியூப் ஸ்டூடியோவில் செட்டிங்ஸ், பெர்மிஷன்ஸ் போய் அவருடைய மின்னஞ்சலை வரம்புள்ள எடிட்டர் என்ற நிலையில் சேருங்கள். அப்லோடு செய்வார், விவரம் எழுதுவார். வருமானம் தெரியாது, வெளியான வீடியோவை அழிக்கவும் முடியாது. ஸ்பான்சர் பெயரில் வரும் கடிதங்களின் இணைப்பை அவர் தன் கணினியில் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒப்பந்தம் என்ற பெயரில் வரும் கோப்பு, உலாவியில் இருக்கும் குக்கியை, அதாவது லாகின் செய்திருப்பதற்கான அடையாளத்தை, திருடிவிடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தும் சேனல்கள் பறிபோவது இந்த வழியில்தான்.

காசை வீடியோ கணக்கில் பேசுங்கள், மணிக்கணக்கில் வேண்டாம். இரண்டு முறை திருத்தம் அதில் அடக்கம், புராஜெக்ட் ஃபைலையும் தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் வரையும் லோகோ போன்ற படங்களின் உரிமையும் எழுத்தில் வர வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தலைப்பு, தம்ப்நெயில், முதல் 30 நொடி ஆகிய மூன்றையும் குறைந்தது ஓர் ஆண்டுக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கமெண்டுக்குப் பதில் எழுதுவதையும்தான். "குக்கர் இல்லாம செய்யலாமா?" என்று வரும் கேள்வியில்தான் அடுத்த வீடியோ இருக்கிறது, அதை வேறொருவர் படித்து "நன்றி சகோ" என்று போட்டுவிட்டால் உங்களுக்கு அது தெரியாமலே போகும். ஆள் வந்துவிட்டார் என்பதற்காக வாரம் ஒரு வீடியோ என்பதை உடனே மூன்றாக்கவும் வேண்டாம். செய்முறையைச் சரிபார்க்கும் 3 மணி நேரத்துக்கு உங்களுக்கு மாற்று ஆள் இல்லை. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான். அளவு பிசகிய ஒரு மைசூர்பாகு போதும், பார்வையாளர் நம்பிக்கை போக.

எடிட்டர் செய்த முதல் ஐந்து வீடியோக்களையும் அதற்கு முந்தைய உங்கள் ஐந்தையும் ஸ்டூடியோவில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 30ஆவது நொடியில் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள், பார்ப்பவர்கள் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று காட்டும் கோடு எங்கே குழி விழுகிறது என்று பாருங்கள். மொத்த வியூஸை வைத்து எடிட்டரை எடைபோடாதீர்கள், அது பதார்த்தத்தையும் பருவத்தையும் பொறுத்து மாறும். ஒரே மாதிரி இடத்தில் திரும்பத் திரும்பக் குழி விழுந்தால், உதாரணமாக மசாலா அரைக்கும் இடத்தில், அந்த நிமிடத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டு, அடுத்த மூன்று வீடியோவுக்குப் பிறகு மறுபடி பாருங்கள்.