நோத்ர தாமும் நூறு கோடிப் புள்ளிகளும்

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் எரிந்த பிறகுதான் ஆண்ட்ரூ டாலனைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர். 2010-இல் முக்காலியில் லேசர் கருவியை வைத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து அந்தக் கட்டடத்தை அளந்திருக்கிறார்; கற்றை சுவரில் பட்டுத் திரும்பினால் தூரம் தெரியும், அது ஒரு புள்ளி, அப்படி நூறு கோடிக்கும் மேல்! உள்ளே மேற்குப் பக்கத் தூண்கள் ஒரே வரிசையில் இல்லை என்பதும் இதில் அகப்பட்டது (ஏற்கெனவே அங்கிருந்ததை இடிக்காமல் ஒதுங்கிக் கட்டியிருப்பார்கள் என்பது அவர் ஊகம்). பாவம், தீ விபத்துக்குச் சில மாதங்கள் முன்பே மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, எரிந்ததைத் திரும்பக் கட்ட இந்த லேசர் ஸ்கேன் மட்டும் இருந்தால் போதுமா? கூரைக்கான ஓக் மரங்களைத் தச்சர்கள் கோடரியால்தான் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் கதவு திறந்தது.